திருத்தச் செலவு மதிப்பீடு: இயந்திரம் வைத்திருக்கும் கமக்காரர் கேட்டறிய வேண்டியவை

ஊவாவின் பெருமழை வடகீழ்ப் பருவமழையே. தென்மேற்குப் பருவக் காற்று மலைத்தொடரின் மறுபக்கத்தில் மழையைச் சொரிந்துவிட்டு, இப்பக்கத்தில் வறண்ட காற்றாகவே இறங்குகின்றது. ஆதலின் அப்புத்தளை, வெலிமடை, ஊவா பரணகம முதலிய பகுதிகளிற் கமஞ் செய்வோர்க்கு யூன் தொடக்கம் செப்டெம்பர் வரையுள்ள மாதங்கள் நீர்க்கவலை மிகுந்த மாதங்களாகும். பெரும்போகத்தில் நெல் விளைந்த வயல்களிற் பலவற்றில், சிறுபோகத்திலே உருளைக்கிழங்கு நடப்படுகின்றது; போஞ்சி, கோவா, கரட் முதலியனவும் செய்யப்படுகின்றன. பள்ளத்தில் ஓடும் நீரை மேட்டிலுள்ள பாத்திக்குக் கொண்டுசேர்ப்பது நீரிறைக்கும் இயந்திரமாகும்.

கிழங்கு பருக்கும் வாரங்களில் இவ்வியந்திரம் நின்றுவிடின் பயிர் காத்திராது. மண் காய்ந்து கிழங்கு சிறுத்தபின் எவ்வளவு நீர் பாய்ச்சினும் இழந்த விளைவு முழுவதும் திரும்பி வருவதில்லை. அந்த அவசரத்தோடுதான் கமக்காரர் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு திருத்தகத்துக்குச் செல்கின்றார். அங்கே அவர் கையிற் கொடுக்கப்படும் துண்டுச் சீட்டில் ஏழெட்டுச் சொற்களும் அடியிலே ஒரு தொகையும் இருக்கும். சொற்கள் விளங்குவதில்லை, தொகை மட்டும் நன்றாக விளங்குகின்றது. நகையை அடகு வைத்தேனும் பணத்தைக் கட்டுகின்றார். அல்லது திருத்துநர் ஏமாற்றுகின்றார் என்றெண்ணி இயந்திரத்தைத் திருப்பியெடுத்துச் செல்கின்றார். இரண்டு முடிவுகளும் அறியாமலே எடுக்கப்பட்டவை.

திருத்துநர் யாவரும் ஏமாற்றுவோர் என்று கருதுதல் தவறு. பெரும்பாலோர் தம் தொழிலை நன்கறிந்தவர்கள். ஆனால் பட்டறையில் வழங்கும் மொழி வேறு, வயலில் வழங்கும் மொழி வேறு. ஒன்றை மற்றொன்றாக மாற்றிச் சொல்லும் பழக்கம் பலருக்கு இல்லை. சீட்டு ஆங்கிலக் குறுக்கெழுத்துகளிலோ, வாடிக்கையாளர் வாசிக்கமாட்டாத வேறொரு மொழியிலோ எழுதப்படுவதுமுண்டு. விளக்கிக் கூறும்படி கேட்பது அவமரியாதை அன்று; வாங்கும் விதைக்கிழங்கின் முளையைப் பார்ப்பது போன்றதே அது.

சீட்டும் அதன் பொருளும்

உதாரணமாக, இரண்டு அங்குலக் குழாயுள்ள பெற்றோல் பம்பி ஒன்று திருத்தத்துக்கு வந்ததாகக் கொள்வோம். நீர் குறைவாக ஏறுகின்றது, பம்பிக்கும் எஞ்சினுக்கும் இடையே நீர் சொட்டுகின்றது, கரும்புகை வருகின்றது. திருத்துநர் எழுதிய சீட்டு இது: "ஓவர்ஹோல். மெக். சீல், காப். சேவிஸ், வால்வு லேப், ஹெட் கேஸ்கட், றிங் செற், லேபர், சில்லறை. மொத்தம் 28,000 ரூபா." இத்தொகையும் கீழே வரும் தொகைகளும் கணக்கு விளங்கும்பொருட்டுக் கூறப்பட்டவையேயன்றிச் சந்தை விலைகளல்ல.

இச்சீட்டிலே மிகவும் கவனிக்கவேண்டிய சொல் முதற்சொல்லாகும். "ஓவர்ஹோல்" என்றால் இயந்திரத்தை முற்றாகக் கழற்றி, தேய்ந்தவற்றை மாற்றி, மறுபடி பூட்டுதல் என்று பொருள். அது ஒரு நோயின் பெயரன்று. எது கெட்டிருக்கிறது என்பதை அச்சொல் சொல்லாது. எனவே அச்சொல்லைக் கண்டதும், அதனுள் அடங்கியவற்றைத் தனித்தனியே, தனித்தனித் தொகையோடு எழுதித் தரும்படி கேட்டல் வேண்டும்.

மெக்கானிக்கல் சீல் என்பது பம்பியின் உட்பக்கத்து நீர் தண்டு வழியாக எஞ்சின் பக்கம் கசியாமல் தடுக்கும் இரட்டை வளையமாகும். ஒரு வளையம் நிற்க, மற்றது அதன்மேல் உரசிக்கொண்டு சுழலும். அவ்விரண்டுக்குமிடையே நீர்ப்படலம் இருக்கும்வரை தேய்வு மிகக் குறைவு. பம்பியில் நீர் நிரப்பாமல் எஞ்சினை ஓடவிட்டாலோ, மணல் கலந்த நீரை இறைத்தாலோ அது விரைவிற் கெடும். சொட்டும் நீரே அதற்குச் சாட்சி. கமக்காரர் தாமே கண்ணாற் காணக்கூடியது.

காபரேற்றர் என்பது காற்றையும் பெற்றோலையும் அளவாகக் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் பாத்திரம். சென்ற போகத்தில் தாங்கியில் விட்டுவைத்த பெற்றோல் பிசினாகி அதன் நுண்துளைகளை அடைக்கும். சேவிஸ் என்பது அத்துளைகளைக் கழுவித் திறப்பதே. அதில் பெரும்பகுதி கைவேலை.

வால்வு என்பது எஞ்சினின் வாசற்கதவு. ஒன்று கலவையை உள்ளே விடுகின்றது. மற்றது புகையை வெளியே அனுப்புகின்றது. கதவு நிலையோடு பொருந்தாவிடின் வீட்டிற் காற்றுப் புகுவதுபோல, வால்வு பொருந்தாவிடின் எஞ்சினுள் அமுக்கம் நில்லாது. "லேப்" பண்ணுவது என்பது கதவையும் நிலையையும் மறுபடி பொருந்துமாறு மாவிட்டு உரசுவதாகும். சில சமயம் அந்த உரசலும் வேண்டியதில்லை. வால்வின் இடைவெளியைச் சரிசெய்தாற் போதும். சிறு பெற்றோல் எஞ்சின்களில் இவ்விடைவெளி ஒரு மில்லிமீற்றரின் ஐந்திலொரு பங்களவே இருக்கும். அதைத் தகட்டளவு கொண்டு பார்ப்பதற்கு மேல்மூடியைக் கழற்றினாலே போதுமானது.

ஹெட் கேஸ்கட் என்பது எஞ்சினின் தலைப்பாகத்துக்கும் உடற்பாகத்துக்கும் இடையே வைக்கப்படும் தகட்டுத் தாள். தலை கழற்றப்படுமாயின் இது புதிதாகவே போடப்படல் வேண்டும்; மீதம்பிடிக்க முயல வேண்டாம். றிங் என்பது பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம். தேய்ந்தால் எண்ணெய் மேலேறி எரியும், அமுக்கம் கீழே கசியும். இதன் குறி நீலப்புகையாகும். நமது உதாரணத்திலோ வந்தது கரும்புகை. அங்கேதான் கேள்வி எழவேண்டும்.

நல்ல விளக்கம் எவ்வாறிருக்கும்

சீட்டை வாங்கியவர் வயதில் மூத்த கமக்காரர், திருத்துநர் இளைஞர் எனக் கொண்டால், இருவருக்கும் இடையே நடக்கவேண்டிய பேச்சு ஏறக்குறைய இவ்விதமாக இருக்கும்.

"தம்பி, றிங் மாற்றணும் என்று போட்டிருக்கிறீங்களே, அது கெட்டுப்போனது எப்படித் தெரிஞ்சது?"

"கயிறு இழுக்கும்போது பிடிப்பு குறைவாயிருக்கு ஐயா. அமுக்கம் எங்கேயோ போகுது."

"றிங் வழியாத்தான் போகுதா, வால்வு வழியாப் போகுதா?"

"அது இன்னும் பார்க்கவில்லை. பிளக்கைக் கழற்றி, ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டுப் பார்த்தால் தெரியும். எண்ணெய் விட்டதும் பிடிப்பு கூடினால் றிங். கூடாமல் அப்படியே இருந்தால் வால்வு, இல்லையென்றால் கேஸ்கட்."

"அப்படியென்றால் அதை என் கண் முன்னாலேயே செய்து பாருங்க. பிறகு சீட்டை எழுதலாம்."

இச்சோதனைக்குச் செலவு ஒரு கரண்டி எண்ணெயும் பத்து நிமிடமுமே. தேய்ந்த வளையத்தின் இடுக்குகளை எண்ணெய் சிறிது நேரம் அடைத்துவிடுவதால் அமுக்கம் ஏறுகின்றது. வால்வு கெட்டிருந்தால் எண்ணெய் அங்கே சென்று அடைப்பதில்லை. திருத்துநர் யாவரும் இதனை அறிவர். அவசரத்தில் விட்டுவிடுவதே வழக்கம்.

எஞ்சின் திறந்த பின்னரும் காட்டி விளக்கும் வழி உண்டு. கழற்றிய வளையத்தை வெறும் சிலிண்டருக்குள் வைத்தால் அதன் இரு முனைகளுக்கும் நடுவே ஓர் இடைவெளி தோன்றும். பல சிறு எஞ்சின்களில் அவ்விடைவெளி ஒரு மில்லிமீற்றரை எட்டினால் வளையம் மாற்றப்படல் வேண்டும் என உற்பத்தியாளர் நூல்கள் கூறும். எழுத்தறியாதவரும் இதைக் கண்ணாற் கண்டு ஒப்புக்கொள்ளலாம். நூறு சொற்களிலும் இது மேலான விளக்கம்.

சோதனையின் பின் மேற்கூறிய 28,000 ரூபாவைத் திருத்துநர் மூன்று கூறாகப் பிரித்துச் சொல்லவேண்டும்: இன்றே செய்யவேண்டியது, அறுவடை வரை பொறுக்கக்கூடியது, செய்யாமலே விடக்கூடியது. சீலுக்கு 2,500, அதைப் பூட்டுங் கூலி 2,000, காபரேற்றர் கழுவிக் காற்று வடியைச் சுத்தஞ் செய்வதற்கு 2,500, ஆக 7,000 ரூபா இன்றைய வேலை. வால்வும் கேஸ்கட்டும் 5,000, றிங் 6,000, எஞ்சின் திறந்து பூட்டுங் கூலி 6,000, சில்லறை 4,000, ஆக 21,000 ரூபா பின்னையது. எண்ணெய்ச் சோதனையில் றிங் நல்லதென்று தெரிந்தால் இந்த 21,000 ரூபாவிலும் பெரும்பகுதி குறைந்துவிடும்.

ஆயினும் "பொறுக்கலாம்" என்ற சொல்லையும் ஆராயாமல் ஏற்றல் ஆகாது. வால்வு வேலைக்கு எஞ்சினின் தலை மட்டுமே கழற்றப்படுகின்றது. றிங் மாற்றுவதற்கு அடிப்பெட்டியும் திறக்கப்பட்டு, பிஸ்டன் வெளியே எடுக்கப்படுகின்றது. றிங் உண்மையாகவே தேய்ந்திருக்குமாயின், இன்று வால்வுக்குத் தலையைக் கழற்றிவிட்டு மூன்று மாதத்தின் பின் றிங்குக்கு மறுபடியும் கழற்றினால், தலை கழற்றுங் கூலி இருமுறை போகும். கேஸ்கட்டும் இரண்டு வேண்டும். அப்படியானால் இரண்டையும் ஒன்றாகச் செய்வதோ, இரண்டையும் ஒன்றாகத் தள்ளிவைப்பதோதான் இலாபம். இதனைக் கமக்காரர் தாமாக அறிந்துகொள்ள இயலாது. திருத்துநர் கேளாமலே கூறவேண்டிய விஷயம் இது.

"சில்லறை 4,000" என்பதும் கேட்டுத் தெளியவேண்டிய வரியாகும். எஞ்சின் எண்ணெய், கழுவும் பெற்றோல், ஒட்டும் பசை, உரசுதாள் ஆகியவை சில்லறையில் அடங்கும். அவ்வளவுக்கு நாலாயிரம் ஏன் என்று கேட்டால் நேர்மையான திருத்துநர் கோபிப்பதில்லை.

இன்னுமொரு குறிப்பு. சீட்டில் "போர் அடித்தல்" என்றிருந்தால் சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து துவாரத்தைச் சற்றுப் பெரிதாக்குவது என்று அர்த்தம். துவாரம் பெரிதானால் பழைய பிஸ்டன் பொருந்தாது. பெரிய அளவுப் பிஸ்டனும் அதற்கேற்ற றிங்கும் வேண்டும். எனவே கடைசல் கூலியும் றிங் விலையும் இருந்து, பிஸ்டன் விலை இல்லாத சீட்டு நிறைவற்ற சீட்டு. பாதி வேலை நடந்தபின் அந்த விலை வந்து சேரும்.

உயரத்தினால் வருவதும் பழுதினால் வருவதும்

அப்புத்தளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,430 மீற்றர் உயரத்தில் உள்ளது. சமவெளிக்காக எழுதப்பட்ட கைநூல் கூறும் வேலையை இங்குள்ள இயந்திரம் முழுமையாகச் செய்யாது. இது பழுதன்று. இதனை அறியாமல் திருத்தத்துக்குச் செலவழித்தவர் பலர்.

பம்பி நீரை உறிஞ்சுகின்றது என்கிறோம். உண்மையில், வெளிக்காற்றின் பாரமே நீரைக் குழாயினுள் மேலே தள்ளுகின்றது. கடற்கரையில் அந்தப் பாரம் 10.3 மீற்றர் உயர நீரைத் தாங்கவல்லது. 1,430 மீற்றர் உயரத்திலோ காற்று ஐதாகையால் 8.7 மீற்றர் உயர நீரையே தாங்கும். நடைமுறையில் குழாயின் உரசல் முதலியவற்றால் இதனிலும் குறைவாகவே கிடைக்கும். சமவெளியில் ஏழு மீற்றர் ஆழத்திலிருந்து நீரெடுக்கும் பம்பி இங்கே ஏறக்குறைய ஐந்தரை மீற்றர்வரைதான் எடுக்கும். ஆதலின் வறட்சியில் ஓடை நீர் தாழ்ந்தபின் "பம்பி இழுக்கவில்லை" என்று கண்டால், முதலில் பம்பியை நீருக்கு அண்மையில் இறக்கிவைத்துப் பார்க்கவேண்டும். மேலே தள்ளும் உயரத்துக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. உறிஞ்சும் பக்கத்துக்கே உண்டு.

எஞ்சினின் வலுவும் அவ்வாறே குறையும். ஒவ்வொரு 300 மீற்றர் உயரத்துக்கும் ஏறக்குறைய 3.5 சதவீத வலு குறையும் எனச் சிறு எஞ்சின் உற்பத்தியாளர் கூறுவர். அப்புத்தளையில் இது மொத்தம் ஆறிலொரு பங்குக்குச் சமம். காற்றுக் குறைவதாற் கலவையிற் பெற்றோலின் விகிதம் கூடிவிடும், பிளக்கிற் கரி படியும், புகை கறுக்கும். 1,500 மீற்றருக்கு மேல் எப்போதும் இயங்கும் எஞ்சின்களுக்குக் காபரேற்றரில் சிறிய துளையுடைய ஜெற் பொருத்தும்படி சில உற்பத்தியாளர் அறிவுறுத்துகின்றனர். இதல்கஸ்ஹின்ன, ஓகியா பக்கங்களில் கமஞ் செய்வோர் இதனைத் திருத்துநரிடம் கேட்டல் நன்று. றிங் மாற்றுவதிலும் மிக மலிவான வேலை இது.

ஒரு திருத்துநர் "இது உயரத்தினால் வருவது, காற்று வடியைக் கழுவினாற் போதும்" என்று சொல்லி ஆளை அனுப்பினால் அன்று அவருக்கு வருமானமில்லை. ஆனாலும் அடுத்த முறை உண்மையான பழுது வரும்போது அந்த ஆள் அவரிடமே வருவார்.

திருத்தகம் செல்லுமுன்

விளக்கம் இரு பக்கமும் நடக்கவேண்டியது. இயந்திரத்தை இறக்கிவைத்துவிட்டு "ஓடவில்லை, பாருங்கள்" என்று சொல்வதாற் பயனில்லை. எப்போது தொடங்கியது, திடீரென நின்றதா, மெல்ல மெல்லக் குறைந்ததா, எஞ்சின் ஓடியும் நீர் ஏறவில்லையா, எஞ்சினே ஓடவில்லையா, புகை என்ன நிறம், எண்ணெய் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்பவற்றைத் திருத்துநர் அறிந்தால் தேடும் நேரம் குறையும், கூலியும் குறையும். எண்ணெயில்லாமல் ஓடியதையும், பெற்றோலுடன் மண்ணெண்ணெய் கலந்ததையும், வாடகைக்குக் கொடுத்ததையும் மறைப்பாருண்டு. வைத்தியரிடம் நோயை மறைப்பது போன்றதே இது; மறைத்தவருக்கே நட்டம்.

நீர் ஏறாத பம்பிகளிற் பல, எஞ்சினில் எவ்விதக் கோளாறுமின்றியே திருத்தகம் சேர்கின்றன. உறிஞ்சும் குழாயில் ஊசித் துவாரமோ, இறுக்கியின் தளர்வோ இருந்தால் பம்பி நீருக்குப் பதிலாகக் காற்றை இழுக்கும். அடிவால்வில் ஒரு குச்சி சிக்கியிருந்தால் நிரப்பிய நீர் வடிந்துவிடும். குழாயில் நீரை நிரப்பிச் சிறிது நேரம் வைத்து, மட்டம் இறங்குகிறதா என்று பார்க்கவேண்டும். இறங்கினால் கெட்டது வால்வோ குழாயோ, பம்பியன்று. வயலிலேயே இதைப் பார்த்துக்கொண்டு, பார்த்ததைத் திருத்துநரிடம் சொல்வது நல்லது.

முதுகுத் தெளிகருவிக்கும் இவ்வாறே. உருளைக்கிழங்கிற் பின்வெளிறல் நோய் ஈரமும் குளிரும் சேர்ந்தால் சில நாட்களில் வயல் முழுதும் பரவும். அந்நேரம் கருவி திருத்தகத்தில் கிடத்தல் ஆகாது. அதன் பழுதுகளிற் பெரும்பான்மை றப்பர் வளையத்திலும் தெளிமுனையிலுமே. இரண்டையும் கமக்காரரே மாற்றலாம்.

எழுத்திற் பெறவேண்டியது

மதிப்பீடு வேறு, உறுதி விலை வேறு. மதிப்பீடு என்பது திறந்து பார்க்குமுன் கூறும் உத்தேசம், கூடலாம், குறையலாம். உறுதி விலை என்பது அதற்குமேல் கேட்பதில்லை என்ற உடன்பாடு. எது கொடுக்கப்படுகிறது என்பது சீட்டிலேயே எழுதப்படல் வேண்டும். மதிப்பீடாயின், "இத்தொகைக்கு மேற்செல்லுமானால் கேட்ட பின்னரே வேலை செய்யப்படும்" என்று ஒரு வரியும், கேட்பதற்குக் கமக்காரரின் தொலைபேசி எண்ணும் இருக்கவேண்டும். இந்த ஒரு வரி இல்லாமையாலேயே பெரும்பாலான சச்சரவுகள் எழுகின்றன.

திறந்து பார்ப்பதற்குத் திருத்துநர் தனிக் கூலி கேட்பது நியாயமானதே. அவர் நேரமும் நேரம்தான். ஆனால் அக்கூலி எவ்வளவு, வேலை கொடுத்தால் அது கழிக்கப்படுமா, வேலை கொடாவிட்டால் எஞ்சின் பூட்டித் தரப்படுமா அல்லது பெட்டியிலே துண்டு துண்டாகக் கிடைக்குமா என்பவை திறக்குமுன் பேசப்படல் வேண்டும்.

பாகம் எத்தகையது என்பதும் எழுதப்படல் வேண்டும். உற்பத்தியாளரின் அசற்பாகமா, வேறிடத்தில் செய்யப்பட்ட மாற்றுப்பாகமா, கழற்றிப் பழகிய பாகமா? மாற்றுப்பாகம் யாவும் கெட்டவை என்று கூறமுடியாது. ஓராண்டு மட்டும் வைத்திருந்து விற்கப்போகும் பழைய பம்பிக்கு அது போதும். அசற்பாகத்தின் விலையைக் கொடுத்து மாற்றுப்பாகத்தைப் பெறுவதுதான் தவறு. கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரும்படி முன்னரே சொல்லிவைத்தால் இத்தகைய ஐயம் பாதி நீங்கும்.

சீட்டில் நாள் முக்கியம். எந்த நாளில் வேலை முடியும் என்பது கமக்காரருக்கு விலையிலும் பெரிய விஷயம். பதுளையிலிருந்தோ பண்டாரவளையிலிருந்தோ, சிலவேளை கொழும்பிலிருந்தோ பாகம் வரவேண்டியிருந்தால் அதையும் சொல்லவேண்டும். பத்து நாள் தாமதமானால் வாடகைப் பம்பிக்கு ஆகும் பணத்தைத் திருத்தச் செலவோடு கூட்டியே பார்க்கவேண்டும்; மலிவான திருத்தகம் அப்போது மலிவானதாய் இராது. அத்தோடு, மதிப்பீடு எத்தனை நாளுக்குச் செல்லும் என்பதையும் கேட்கவேண்டும். 2022ஆம் ஆண்டில் ரூபாவின் மதிப்பு சில வாரங்களிற் பெரிதும் வீழ்ந்தபோது, வெளிநாட்டுப் பாகங்களின் விலை வாரத்துக்கு வாரம் ஏறியது. திங்கட்கிழமை எழுதிய சீட்டு வெள்ளிக்கிழமை செல்லாத காலம் அது. அப்போது திருத்துநரும் நட்டப்பட்டார், கமக்காரரும் நட்டப்பட்டார்.

வாசிக்க இயலாத மொழியிற் சீட்டு எழுதப்பட்டிருந்தால் அதனை வாய்விட்டு வாசிக்கச் சொல்லி, கேட்டதைக் கமக்காரர் தம் சொற்களிலே திருப்பிச் சொல்லவேண்டும். "சீல் மாற்றுறீங்க, காபரேற்றர் கழுவுறீங்க, ஏழாயிரம், வியாழக்கிழமை தருவீங்க, றிங்கைத் தொடமாட்டீங்க. சரிதானே?" மருத்துவமனைகளில் நோயாளர் மருந்தின் அளவை விளங்கிக்கொண்டாரா என்று அறியப் பயன்படுத்தும் முறை இதுவே. "விளங்கிச்சா?" என்று கேட்டால் எல்லோரும் "ஆம்" என்பர், திருப்பிச் சொல்லச் சொன்னாற்றான் விளங்கியது தெரியும்.

சட்டம் கூறுவது

எழுத்திலான மதிப்பீடு வேறு நாடுகள் சிலவற்றிற் சட்டத்தாலே கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1971ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட வாகனத் திருத்தச் சட்டத்தின்படி, வேலை தொடங்குமுன் எழுத்தில் மதிப்பீடு கொடுக்கப்பட்டு உரிமையாளரின் சம்மதம் பெறப்படல் வேண்டும். செலவு கூடுமாயின் மறுபடியும் சம்மதம் வேண்டும். இன்னொரு மாநிலமாகிய கொலராடோ 2023ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம், விவசாய இயந்திரங்களின் திருத்தக் கைநூல்களையும் பாகங்களையும் கருவிகளையும் உரிமையாளருக்கும் வெளித் திருத்துநருக்கும் கிடைக்கச் செய்யும்படி உற்பத்தியாளரைப் பணிக்கின்றது. இது 2024 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவும் 2022ஆம் ஆண்டிற் குழுவொன்றை அமைத்துத் திருத்தும் உரிமையை ஆராய்ந்தபோது, முதலில் எடுத்துக்கொண்ட துறைகளுள் விவசாய உபகரணமும் ஒன்று.

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் பொருள் வாங்குவோர்க்கு மட்டுமன்றிச் சேவை பெறுவோர்க்கும் உரியது. தொழிலாகச் செய்யப்படும் சேவை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யப்படும் என்பதும், அதற்காகக் கொடுக்கப்படும் பாகங்கள் நோக்கத்துக்குத் தகுந்தனவாயிருக்கும் என்பதும், சொல்லாவிடினும் சொல்லப்பட்டதாகவே கொள்ளப்படும். பொருள் விற்றவர், கேட்டாற் பற்றுச்சீட்டு வழங்கவேண்டும். முறைப்பாட்டை மூன்று மாதத்துள் எழுத்திற் கொடுக்கவேண்டும். அதிகாரசபையின் தொலைபேசி எண் 1977. முறைப்பாட்டுக்குச் செல்பவரிடம் சீட்டு இருக்கவேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். வாய்ப்பேச்சோடு சென்றவர் வெறுங்கையோடு திரும்பியதே மிகுதி.

பழுதான பம்பிகளுட் பெரும்பாலானவை ஓகஸ்ட் மாதத்தில், ஒரே நேரத்தில், திருத்தகங்களின் வாசலில் வரிசையாக நிற்கின்றன. அந்நேரம் எவருக்கும் விளக்கிச் சொல்ல நேரமில்லை, கேட்கவும் பொறுமையில்லை. நவம்பர் தொடக்கம் சனவரி வரை மழை பெய்யும் காலத்திலோ பம்பிக்கு வயலில் வேலையில்லை, திருத்தகத்திலும் நெருக்கமில்லை. அக்காலத்தில் தாங்கிப் பெற்றோலை வடித்துவிட்டு இயந்திரத்தைக் கொண்டுசென்றால், இரண்டு திருத்தகங்களில் மதிப்பீடு பெற்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். எண்ணெய்ச் சோதனையை அருகே நின்று பார்க்கலாம். கொழும்பிலிருந்து வரும் பாகத்துக்கும் காத்திருக்கலாம். சிறுபோக நாற்றும் விதைக்கிழங்கும் வயலுக்கு வருமுன் பம்பி வீட்டில் இருக்கும்.